தாராளக்காவின் பந்தியில் சாப்பிடாமல் எழுந்தவர்கள்

தாராளக்கா தன் ஆயுளில் எத்தனை பேருக்குச் சாப்பாடு போட்டிருப்பாள் என்று யாராவது கணக்கெடுக்கக் கிளம்பினால், பாவம், அந்த ஆள் அவள் வீட்டு மேஜையிலேயே மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துவிடுவார். கணக்கு அதோடு நின்றுபோகும். போகட்டும். அவளிடம் சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாதவர்கள். கோடி கோடியாகப் பாக்டீரியாக்கள். பத்தொன்பது வருஷமாக அவற்றுக்குச் சமைத்துப் போடுவதுதான் அவளுடைய உத்தியோகம்.

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. அள்ளிப் போடும் கையைப் பார்த்து யாரோ 'தாராளம்' என்றார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் பரிமாறும்போது 'போதும்' என்ற சொல்லை யாரும் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. 'போ' என்று வாயைத் திறப்பதற்குள் தட்டில் இரண்டு கரண்டி விழுந்திருக்கும்.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். கல்யாணமான நாளிலிருந்து தன் கால்சட்டைகளை இடுப்பில் பிரித்துவிட்டுக்கொண்டே வருகிறார். போதாக்குறைக்கு மச்சினன், பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன், எதிர்வீட்டு நர்ஸ் என்று அவள் கையால் சாப்பிட்ட அத்தனை பேரும் இடுப்பு இறுக்கம் என்று அவரிடமே வந்து நிற்பார்கள். "அவ போடுறா, நான் பிரிக்கிறேன். குடும்பம் ஜோரா ஓடுது" என்பார் அவர்.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஸ்போர் பட்டை செய்கிறார்கள். சில பாக்டீரியாக்கள் சாப்பாடு தீரும் சமயத்தில் தம்மைத் தாமே சுருட்டி, தடித்த ஓட்டுக்குள் பூட்டிக்கொண்டு தூங்கிவிடும். அந்தத் தூங்குமூஞ்சிக்குப் பெயர்தான் ஸ்போர். வெந்நீரில் போட்டாலும் லேசில் சாகாது. விரல் நீளக் காகிதப் பட்டையில் லட்சக்கணக்கான ஸ்போர்களைக் காயவைத்து உறையில் போட்டு விற்பார்கள். ஆஸ்பத்திரிகளில் கத்தி, கத்தரிக்கோல்களை நீராவியில் வேகவைக்கும்போது இந்தப் பட்டையையும் கூடவே வைப்பார்கள். ஸ்போரே செத்துவிட்டது என்றால் மற்றக் கிருமிகளைப் பற்றிக் கவலையில்லை, அந்தக் கத்தியை நம்பி வயிற்றைக் காட்டலாம்.

நடு மாடியில் ஜன்னலோர அறை தாராளக்காவின் சமையலறை. ஒரு பக்கம் தராசு, இன்னொரு பக்கம் நீராவியில் அவித்தெடுக்கும் ஆளுயர ஆட்டோகிளேவ். அது நாள் முழுக்க உஸ் உஸ் என்று ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அலமாரியில் பெப்டோன் டப்பா. புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிப் பொடியாக்கியதுதான் பெப்டோன். அதைத் தண்ணீரில் கரைத்து, உப்பு வகைகள் சேர்த்து, குடுவைகளில் ஊற்றி, வாயில் பஞ்சு அடைத்து அவித்து எடுப்பாள். மற்றவர்கள் 'பேட்ச்' என்பதை அவள் 'ஈடு' என்பாள். முதல் ஈடு இறங்கிவிட்டது, இரண்டாவது ஈடு ஏற்றியிருக்கிறேன் என்று அவள் சொல்வதைக் கேட்டுப் புதிதாக வந்தவர்கள் தட்டோடு வந்து நின்றதும் உண்டு.

இந்தத் தொழிலில் ஒரு கொடுமை இருக்கிறது. பாக்டீரியாவுக்குச் சோறு போட்டு வளர்க்கவும் வேண்டும், வளர்ந்த பிறகு பட்டினி போடவும் வேண்டும். பசித்தால்தான் அது ஸ்போர் ஆகும். அதனால் பெப்டோன் அளந்துதான் விழ வேண்டும், லிட்டருக்கு இருபது கிராம். அளக்கிறவளோ தாராளக்கா. தாய்க்கோழியிடம் குஞ்சைப் பட்டினி போடச் சொன்ன மாதிரிதான்.

இவளுக்கு மேலே தரம் பார்க்கும் அதிகாரி ஒருவர். மில்லி கிராம் பிசகினாலும் முகம் சுண்டிவிடும் என்பதால் அவர் மில்லி சார். ஒல்லி. மதியம் கைக்குட்டை அகல டப்பாவில் இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு வெள்ளரிக்காயும் கொண்டுவந்து, ஓரமாக உட்கார்ந்து, ரொட்டியை ஒரே அளவு சதுரங்களாக வெட்டிச் சாப்பிடுவார். ஆறு வருஷமாகத் தாராளக்கா தன் அடுக்கு டப்பாவை அவர் பக்கம் நகர்த்திப் பார்க்கிறாள். "எனக்கு அளவு இருக்கும்மா" என்று டப்பாவின் மேல் கையை வைத்து மூடிக்கொள்வார். அவளுடைய வாழ்க்கையில் அவளிடம் கைநனைக்காத ஒரே மனுஷன். அந்த ஒரு குறை அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஸ்போர் வருவது நின்றது.

ஒரு ஈடு போனது. சரி, கண் பட்டிருக்கும் என்றார்கள். அடுத்த ஈடும் போனது. பாக்டீரியாக்கள் குடுவைக்குள் கலங்கலாக வளர்ந்து கிடந்தன, ஆனால் ஒன்றும் தூங்கப் போகிற வழியாக இல்லை. பட்டை கேட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து போன் மேல் போன். மில்லி சார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். கடைசியில் பெப்டோன் டப்பாவைத் தராசில் வைத்தார். இருபத்தைந்து தடவை வரவேண்டிய டப்பா பத்தொன்பதோடு காலியாகியிருந்தது.

முதலாளியம்மாவின் அறையில் விசாரணை. அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, "சொல்லு" என்றார்.

"ஒரே ஒரு கரண்டிம்மா. கூட" என்றாள் தாராளக்கா.

"எவ்வளவு நாளா?"

"அது... ஆரம்பத்திலிருந்தேதான்."

மில்லி சார் குறுக்கே புகுந்தார். "ஏன்? எதுக்கு?"

"பார்த்தா பாவமா இருந்துச்சு சார்."

"எதைப் பார்த்து? அது கண்ணுக்கே தெரியாதே!"

"தெரியாததாலதான் சார் இன்னும் பாவமா இருக்கு."

முதலாளியம்மா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டது அறையில் இருந்த இருவருக்கும் தெரிந்தது. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான். "ஒரே ஒரு தடவை. சார் முன்னால நின்னு பார்ப்பார், அளவு பிசகாம செய். அப்பவும் ஸ்போர் வரலைன்னா திங்கட்கிழமையிலிருந்து உனக்குப் பேக்கிங் செக்ஷன். சமையலறையை மூடிட்டு, கலந்து வெச்சதையே வெளியிலிருந்து வாங்கிக்கலாம்."

பேக்கிங் செக்ஷன்! காகித உறையில் காகிதப் பட்டையைப் போட்டு ஒட்டுகிற இடம். அங்கே யாருக்குப் பசிக்கும்? யாருக்குப் பரிமாறுவது? வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே யோசித்தார். "எங்க தொழில்ல தாராளமா வெட்டினா மடிச்சுத் தைச்சுக்கலாம். குறைச்சு வெட்டினாதான் கோவிந்தா. உங்க தொழில் தலைகீழா இருக்கே!" என்று வியந்தார். ஆறுதல் சொல்லும் கலை அவருக்குக் கைவரவில்லை.

மறுநாள் மில்லி சார் தராசின் எதிரே குந்திவிட்டார். தாராளக்கா பொடியை அள்ளினாள். பதினெட்டு. பத்தொன்பது. பத்தொன்பதரை. கரண்டியைத் தட்டித் தட்டி, இருபது காட்டியதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கை தானாக டப்பாவுக்குத் திரும்பியது. "ம்ம்!" என்றார் மில்லி சார். கை திரும்பி வந்தது. அன்றைக்குக் குடுவைகளுக்குப் பஞ்சு அடைக்கும்போது ஒவ்வொன்றிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டாள்.

ஐந்து நாள் கழித்துப் பார்த்தால், முன்னைவிட மோசம். முன்பு கலங்கலாகவாவது வளர்ந்தன. இப்போது குடுவையின் அந்தப் பக்கம் சுவரில் மாட்டிய காலண்டரின் தேதி தெரிகிறது. மில்லி சார் மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். ஸ்போர் என்றால் சின்ன முத்துப்போல மின்ன வேண்டும். ஒரு மின்னல் இல்லை, ஒரு மினுக்கல் இல்லை. வெறும் குச்சிக் குச்சியான பாக்டீரியாக்கள், மெலிந்து போய்க் கிடந்தன. அன்று வெள்ளிக்கிழமை.

"சாரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மில்லி சார் போய்விட்டார்.

தாராளக்கா அழவில்லை. அழுதால் பஞ்சு நனையும். கிருமி சாகட்டும் என்று குடுவைகளை ஆட்டோகிளேவில் அவித்தெடுத்து, கடைசித் தடவையாகக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டுப் போவோம் என்று குழாயைத் திறந்தாள். முதல் குடுவையின் பஞ்சை எடுத்தாள். மூக்கு நின்றது. அவளும் நின்றாள்.

சாப்பிட்டு முடித்த குடுவை எப்படி நாறும் என்று அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? மூக்கைக் குத்தும் அமோனியா, அதோடு ஈரச் சாக்கு வாடை. இதிலோ அதெல்லாம் ஒன்றும் இல்லை. அவள் ஐந்து நாளைக்கு முன் கலக்கி இறக்கியபோது எப்படி மணத்ததோ, அப்படியே இறைச்சிச் சாறு மாதிரி மணத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது குடுவையும் அப்படியே. மூன்றாவதும்.

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தாராளக்காவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. குடுவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினாள். "சார்! யாருமே சாப்பிடலை சார்! போட்டது போட்டபடி இருக்கு!" என்ற அவள் கூச்சல் படிக்கட்டில் இறங்கி, பேக்கிங் செக்ஷனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மில்லி சாரின் அறைக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

"வேற குடுவையை மாத்தி மோந்திருப்பீங்க" என்றார் அவர்.

"சார், பத்தொன்பது வருஷமா இவங்க எச்சில் தட்டு கழுவுறேன். தின்ன தட்டு எது, தொடாத தட்டு எதுன்னு எனக்குத் தெரியாதா? பட்டினி போடச் சொன்னீங்க, போட்டேன். ஆனா இவங்க பட்டினி கிடக்கிறது சாப்பாடு இல்லாம இல்ல. சாப்பாட்டை முன்னால வெச்சுக்கிட்டே கிடக்கிறாங்க. அது எப்படி?"

அந்த 'அது எப்படி'யில் மில்லி சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்தார். ஒன்றில் பெப்டோன் கரைத்த, யாரும் தொடாத புதுச் சத்துநீர், இன்னொன்றில் திரும்பி வந்த குடுவையிலிருந்து சுழற்றித் தெளியவைத்த நீர். இரண்டிலும் காஸ்டிக் சோடா விட்டு, நீலமான மயில்துத்தக் கரைசல் நான்கு சொட்டு விட்டார். பெப்டைடு, அதாவது புரதத் துண்டு, இருந்தால் அந்த நீலம் ஊதாவாகும்.

புதுச் சத்துநீர் ஊதாவாகியது. திரும்பி வந்த குடுவை நீரும் ஊதாவாகியது. இரண்டையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் எது எது என்று சொல்ல முடியவில்லை.

மில்லி சார் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். "வாசல்" என்றார்.

"என்ன வாசல்?"

"பாக்டீரியாவோட தோல்ல வாசல் வாசலா இருக்கும்மா. புரதம் ஒரு மாலைன்னு வெச்சுக்குங்க. உதிர்ந்த ஒத்தை மணி நுழைய ஒரு சின்ன வாசல். நாலு மணி, அஞ்சு மணி கோத்த துண்டுக்குன்னு தனியா ஒரு பெரிய வாசல். துண்டை முழுசா உள்ளே இழுத்துக்கிட்டு, உள்ளே வெச்சுதான் உதிர்க்கும். நம்ம பெப்டோன்ல முக்கால்வாசி அந்த மாதிரித் துண்டுதான். இவங்களுக்குப் பெரிய வாசல் அடைஞ்சுபோச்சு."

"சரி, சாப்பிடலை. பசிக்குமில்ல? பசிச்சா ஸ்போர் ஆகணுமே?"

"அங்கதான் விஷயமே!" மில்லி சார் துள்ளி எழுந்தார். அவர் துள்ளி அவள் பார்த்ததில்லை. "பசி மட்டும் போதாது. இதுங்க ஒவ்வொண்ணும் அஞ்சு மணி நீளத்துக்குத் துண்டுச் சீட்டு மாதிரி சில பெப்டைடை வெளியே விட்டுக்கிட்டே இருக்கும். கூட்டம் சேரச் சேரச் சீட்டும் சேரும். அதை உள்ளே வாங்கிப் பார்த்துத்தான், ஓஹோ, நிறையப் பேர் ஆயிட்டோம், சாப்பாடு பத்தாது, மூட்டையைக் கட்டுன்னு புரிஞ்சுக்கும். அந்தச் சீட்டு வர்றதும் அதே பெரிய வாசல் வழியாத்தான்."

தாராளக்கா வாயில் கை வைத்தாள். "சாப்பாடும் தபாலும் ஒரே வாசல்லயா!"

"ஒரே வாசல்!"

"ஐயோ பாவம், ஒரு செய்தியும் தெரியாமலே கிடக்குதுங்க!" பிறகு சட்டென்று, "சரி சார், எல்லாருக்கும் ஒரேயடியா எப்படி வாசல் அடைச்சுது?" என்று கேட்டாள்.

மில்லி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காதுமடல் சிவந்தது.

விதிப்படி ஒவ்வொரு ஈட்டுக்கும் உறைபெட்டியில் பனிக்குள் புதைத்து வைத்திருக்கும் அசல் பாக்டீரியாவிலிருந்துதான் விதைக்க வேண்டும். அந்தக் குப்பிகள் இருக்கும் பெட்டி உறைபெட்டியின் அடித்தட்டில் இருந்தது. குனிய வேண்டும், பனியைச் சுரண்ட வேண்டும், எழுப்பி வளர்க்க ஒரு நாள் காக்க வேண்டும். மில்லி கிராமில் வாழும் மனிதர், எட்டு மாதமாகக் குனியாமல், போன ஈட்டின் மிச்சத்திலிருந்தே அடுத்த ஈட்டை விதைத்துக்கொண்டிருந்தார். எப்போதோ வாசல் அடைந்த ஒன்றிரண்டு பிறந்திருக்கின்றன. நல்லவை ஒழுங்காகத் தூங்கப் போய்விட, இவை தூங்காமல் பெருகிக்கொண்டே இருந்திருக்கின்றன. அவரும் அவற்றையே அள்ளி அள்ளி விதைத்திருக்கிறார். இதையெல்லாம் அவரே அவளிடம் சொல்லி முடித்தார்.

"அப்ப என் கரண்டி காரணம் இல்லையா சார்?" என்று கேட்டாள்.

"பாதிக் காரணம்" என்றார், பொய் சொல்லத் தெரியாத மனிதர். "நீங்க கூடப் போட்டதுல உதிரி மணியும் கூடுதலா இருந்துச்சு. வாசல் அடைஞ்சதுங்க அதைப் பொறுக்கித் தின்னே வயித்தை ரொப்பிக்கிச்சு. அதனாலதான் எனக்குச் சந்தேகமே வரலை. அளந்து போட்ட அன்னைக்குத்தான் குட்டு உடைஞ்சுது."

"நான் அளக்கலை, நீங்க குனியலை" என்றாள் தாராளக்கா.

முதலில் யார் சிரித்தது என்று இன்றுவரை வழக்கு தீரவில்லை. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊதாக் குழாய்கள் இரண்டும் தாங்கியில் கிணுகிணுத்தன. பேக்கிங் செக்ஷனிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்துவிட்டு, வேலை போன துக்கத்தில் அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டின.

சிரித்து ஓய்ந்தார்கள். அவர் பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பழியை ஏற்கெனவே கரண்டி ஏற்றுக்கொண்டாயிற்று. தாராளக்காவும் அதை நினைத்தாள், ஆனால் கேட்கவில்லை. மில்லி சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு குழாய்களையும் எடுத்துக்கொண்டு, நேராக முதலாளியம்மாவின் அறைக்கு நடந்தார். கதவு சாத்தப்படுவதற்கு முன்பே அவர் குரல் கேட்டது. "அக்கா கையில தப்பு இல்லம்மா. என் முதுகுல. குனியலை."

ஆறு வருஷத்தில் அவர் அவளை 'அக்கா' என்றது அதுதான் முதல் தடவை.

முதலாளியம்மா இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "வியாழக்கிழமை வரைக்கும் டைம். ஸ்போர் வந்தா சமையலறை இருக்கும். வரலைன்னா ரெண்டு பேருமே பேக்கிங். ஒருத்தர் உறையைத் திறங்க, ஒருத்தர் ஒட்டுங்க."

மில்லி சார் குனிந்தார். முட்டி போட்டுப் பனியைச் சுரண்டி, அடியிலிருந்து பெட்டியை எடுத்தார். பொத்தான் அளவுக் குப்பியில் அசல்கள். தாராளக்கா அன்றைக்குத் தன் பழைய கரண்டியைத் துணியில் சுற்றி, அலமாரி உச்சியில், கை எட்டாத இடத்தில் ஸ்டூல் போட்டு வைத்தாள். பிறகு ஸ்டூலையும் கொண்டுபோய் மில்லி சார் அறையில் விட்டாள். இருபது கிராம் அளந்தாள். ஒரு துளி கூடவில்லை, ஒரு துளி குறையவில்லை. குனிந்து, "வாசல் நல்லா இருக்குதில்ல? அப்ப சாப்பிட்டுட்டுத் தூங்குங்க" என்று குடுவைகளிடம் சொன்னாள்.

மூன்றாம் நாள் குடுவை வழியே காலண்டரில் தேதி தெரியவில்லை. மாதமும் தெரியவில்லை. நான்காம் நாள் குடுவைகளை ஆட்டும் எந்திரத்தைச் சுற்றி அப்படி ஒரு வாடை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, தாராளக்கா மட்டும் நடுவில் நின்று நெஞ்சு நிறைய இழுத்தாள். "நாறுது! சார், நாறுதுங்க சார்!" என்று பரிசு விழுந்தவள் மாதிரி கூவினாள்.

வியாழக்கிழமை காலை மைக்ரோஸ்கோப் அருகே மூன்று தலைகள். மில்லி சார் பார்த்தார். முதலாளியம்மாவுக்கு இடம் விட்டார். முதலாளியம்மா பார்த்தார். அவர் தாராளக்காவுக்கு இடம் விட்டார். தாராளக்கா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். எட்டிப் பார்த்தாள்.

முத்து, முத்து, முத்து. கண்ணாடிச் சில்லு முழுக்க மின்னிக்கொண்டு கிடந்தன. அத்தனையும் வயிறாரச் சாப்பிட்டு, செய்தி கேட்டு, மூட்டை கட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கிவிட்டன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் கண்ணீர் லென்ஸில் சொட்டப்போக, மில்லி சார் பதறிப்போய்க் கைக்குட்டையைப் பிடித்தார். மயில்துத்தச் சோதனையில் அந்தக் குடுவை நீர் ஏறக்குறைய நீலமாகவே நின்றது. தட்டைத் துடைத்து வைத்த மாதிரி சாப்பிட்டிருந்தார்கள். "சமையலறை இருக்கட்டும்" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டுப் போனார், இருமலோடு.

மதியம் சாப்பாட்டு அறை. தாராளக்கா அடுக்கு டப்பாவைத் திறந்தாள். சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு வழக்கம்போல அள்ளிப் போட்டாள். வழக்கம்போல 'போ' என்றார்கள், வழக்கம்போல 'தும்' வரவில்லை. மில்லி சாரின் பக்கம் அவள் டப்பாவை நகர்த்தவில்லை. ஆறு வருஷம் கேட்டாயிற்று, இன்றைக்கு மனசு நிறைந்திருக்கிறது, எதற்குக் கேட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

ஓரத்திலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மில்லி சார் எதிரே வந்து உட்கார்ந்தார். கைக்குட்டை அகல டப்பாவைத் திறந்து முன்னால் நீட்டினார். அது காலியாக இருந்தது. காலையிலிருந்தே காலியாகத்தான் கொண்டுவந்திருக்கிறார்.

"போடுங்கக்கா."

தாராளக்காவின் கரண்டி வறுத்த உருளைக்கிழங்கை அள்ளி மேலே வந்து, அந்தரத்தில் நின்றது. மேஜை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தனை கிராம் சார்?" என்று கேட்டாள்.

"கண்ணளவு போதும்."

போட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி போட்டாள். அவர் டப்பாவைக் கையால் மூடவில்லை.